'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி': ஜாஸா, கச்சேரியா?

நீலஸ்வரம்: கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் என்றாலே எல்லோரும் அவருடைய ஜாஸ்-ராக் குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், அவர் வாசித்ததிலேயே உயர்ந்த ஜாஸ் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' ஆல்பம்தான். அவருடைய சக்தி குழு 1976-ல் லண்டன் ட்ரைடென்ட் ஸ்டுடியோவில் பதிவு செய்தது. அவர் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம்.

தனியாவர்த்தனம்: இசை அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஜாஸ் எப்படி? அடிநாதம் தாங்கும் பேஸ் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், மாற மாற அதன் மேல் கற்பனையாக வாசிப்பதுதானே ஜாஸ்? இதில் வரும் 'லா டான்ஸ் டு பொனூர்' ஆரம்பிப்பதே கொன்னக்கோலில், வாயால் தாளச் சொற்கட்டு சொல்லி.

நீலஸ்வரம்: கார்டு மாறினால்தான் ஜாஸ் என்றால் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' என்ன ஆவது? 1959-லேயே இரண்டே மோடை (ஸ்வர வரிசையை) வைத்துக்கொண்டு முழுப்பாட்டையும் வாசித்துவிட்டார்கள். மெக்லாஃப்லினும் 1969-ல் மைல்ஸிடம் வாசித்துவிட்டு வந்தவர்தான்.

வீணைமாணவி: மெக்லாஃப்லின் இதில் வாசித்த கிடாரைப் பற்றியும் சொல்லுங்கள் சார். ஆபிரகாம் வெக்டர் செய்தது. கழுத்தில் இருக்கும் உலோக மெட்டுகளான ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பார். விரல் மரத்தில் முட்டாததால் தந்தியை நன்றாக இழுக்கலாம். குறுக்கே, மற்ற தந்திகளோடு சேர்ந்து தாமே அதிரும் ஏழு அனுதாபத் தந்திகள் வேறு. எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற மெக்லாஃப்லின், ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகத்துக்காகவே கேட்டு வாங்கிய வாத்தியம் அது.

தனியாவர்த்தனம்: வேகமாக ஸ்வரங்கள் உருளும் பிருகாக்களில் அது பலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன் அம்மா. மெதுவாக நகரும் இடங்களில் வீணையின் அசைவு வரவில்லை, சங்கரின் வில்தான் அங்கே தாங்குகிறது. என் வருத்தம் வேறு. அட்டையிலேயே 'சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்'. கூடவே ஜாஸ் என்றும் சொல்லிவிட்டால் மற்ற மூவரும் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறார்கள். ஹெட்ஃபோனில் கடத்தை மட்டும் கேளுங்கள். பானையின் வாயை வயிற்றோடு அணைத்துத் திறக்கும்போது வரும் அந்த கும்கி என்ற ஆழ்ந்த ஒலி! பேஸ் இல்லாத குறையே தெரியாது. அதை யாராவது எழுதியிருக்கிறார்களா?

நீலஸ்வரம்: பெயர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். சக்தியின் முன்னால் வந்த ஆல்பம் 1975-ல் மேடையில் பதிவானது. இது ஸ்டுடியோ என்பதால் கடம் இன்னும் கிட்டத்தில் கேட்கிறது. ஆனாலும் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்து, அந்த நொடியில் பதில் சொல்வதை நான் ஜாஸ் என்றுதான் சொல்வேன்.

தனியாவர்த்தனம்: எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கச்சேரி.