மகள் சுற்றாடல் சட்டம் பக்கம் போகப் போறாவாம். யாழ்ப்பாணத்தில பிழைக்கலாமோ?

வடலி:
சட்டம் கடைசி வருசம் படிக்கிறா. காணி வழக்கும் காணி உறுதிப் பத்திரம் எழுதுறதும் வேண்டாம், சுற்றாடல் சட்டமும் கொள்கை வேலையும்தான் வேணும் எண்டு நிக்கிறா. தாய்க்கு நித்திரை இல்லை. விசயம் தெரிஞ்ச ஆக்கள் மனசில பட்டதைச் சொல்லுங்கோ.

நொத்தாரிசு மேசை:
அண்ணை, இஞ்ச சட்டத்தரணியின்ர அடுப்பெரியிறது உறுதியாலயும் பங்குபிரிப்பு வழக்காலயும்தான். நிலத்தடித் தண்ணி பீஸ் கட்டாது. பெரிய வழக்கெண்டா அரசியலமைப்பின்ர 126 ஆம் உறுப்புரையில அடிப்படை உரிமை மனு. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள்ள போடோணும், அதுவும் கொழும்பில, நாட்டின்ர எல்லாத்துக்கும் மேலான உயர் நீதிமன்றத்திலதான். தவணைக்குத் தவணை ரயில் ஏறுற செலவை ஆர் தாறது?

சுன்னாகத்தான்:
எங்கட கிணத்தில வாளி விட்டு அள்ளினா மேல பளபளவெண்டு எண்ணெய்ப் படலம் மிதந்த காலம் உங்களுக்கு மறந்து போச்சுது போல. ஊரே பவுசர் தண்ணிக்குக் குடத்தோட நிண்டது. சுன்னாகம் அனல்மின் நிலைய எண்ணெய் நிலத்தடித் தண்ணியில கலந்த அந்த வழக்கில 2019 ஏப்ரலில தீர்ப்பு வந்தது. அந்த நிலையத்தை நடத்தின கம்பனி 2 கோடி ரூபா கட்டோணும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் தன்ர கடமையில தவறிட்டுது எண்டு உயர் நீதிமன்றமே சொன்னது. ஆறில்லாத குடாநாடு. சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இருக்கிற தண்ணிதான் எங்களுக்கு எல்லாம். இஞ்ச இந்தச் சட்டம் படிக்காம வேற எங்க படிக்கிறது?

நொத்தாரிசு மேசை:
சரி, அந்த மனுவைப் போட்டது ஆர்? தென்னிலங்கைச் சுற்றாடல் அமைப்பொன்றின்ர தலைவர். 2015 இல போட்டு முடிய நாலு வருசம். எங்கட சட்டத்தரணிமார் ஏன் முன்னுக்கு நிக்கேல்லை எண்டு யோசிச்சியளோ? வீரம் இல்லாமல் இல்லை, வீட்டு வாடகை இருந்தது.

சுன்னாகத்தான்:
அதைத்தானே நானும் சொல்லுறன், ஆளில்லை! எல்லாத்துக்கும் கொழும்புக்கு ஓடவும் தேவையில்லை. 1979 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில 98 ஆம் பிரிவு கிடக்குது. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நீதவானே கட்டளை போடலாம். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்குச் சைக்கிளில போகலாம்.

கோப்புக்காரன்:
ரெண்டு பேரும் நீதிமன்றத்தையே சுத்திச் சுத்தி வாறியள். இந்தத் துறையின்ர முக்கால்வாசி வேலை கோப்பில. 1980 ஆம் ஆண்டு 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988 இல திருத்தித்தான் கழிவு வெளியேத்துற தொழிலுகள் எடுக்கவேண்டிய சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும், ஒரு திட்டம் சூழலை என்ன செய்யுமெண்டு முன்கூட்டியே பார்க்கிற சுற்றாடல் தாக்க மதிப்பீடும் கொண்டு வந்தவை. அரிசி ஆலை, வாகனம் கழுவுற இடம், எல்லாம் அந்த உரிமத்துக்குள்ள வருது. நான் பார்த்த ஒரு கோப்பில நிபந்தனை இப்பிடி: 'கழிவுநீர் உரிய முறையில் அகற்றப்பட வேண்டும்.' அவ்வளவுதான். எண்ணெய் எத்தினை மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, மாதிரி ஆர் எடுக்கிறது, எந்தக் குழாயில எடுக்கிறது, ஒண்டுமில்லை. வழக்குப் போனா எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அஞ்சு நிமிசத்தில கிழிச்செறிஞ்சு போடுவார். நிபந்தனையை ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச சட்டக்காரர்தான் எங்களுக்குத் தட்டுப்பாடு.

நொத்தாரிசு மேசை:
தட்டுப்பாடு சரி. பதவி வெற்றிடம் இருக்கோ?

கோப்புக்காரன்:
குறைவு. கள உத்தியோகத்துக்குப் பெரும்பாலும் விஞ்ஞானப் பட்டதாரிமாரைத்தான் எடுக்கினம். அதை மறைக்கேல்லை.

பனங்காய்ப் பணியாரம்:
கொள்கை எண்டு ஒரு சொல்லும் கேள்வியில கிடக்குது, அதைத் தொடுவார் இல்லை. அரசியலமைப்பின்ர 13 ஆம் திருத்தத்தில சுற்றாடல் பாதுகாப்பு மாகாணத்துக்கும் உண்டு. வடமேல் மாகாணம் 1990 இலயே 12 ஆம் இலக்க நியதிச்சட்டம், அதாவது மாகாண சபை இயற்றுற சட்டம், போட்டுத் தனக்கெண்டு ஒரு சுற்றாடல் அதிகாரசபை வைச்சிருக்கு. எங்கட வட மாகாண சபை 2013 இல வந்து 2018 இல முடிஞ்சுது. சபை இல்லையெண்டா நியதிச்சட்டத்தை எழுதி ஆரிட்டக் குடுக்கிறது? பிள்ளை கொள்கை வேலை எண்டு போனா, வெளிநாட்டுக் காசில நடக்கிற திட்டம் ஒண்டில ரெண்டு வருச ஒப்பந்தம். காசு முடிய ஆளும் வீட்டில. என்ர அனுபவம்.

சுன்னாகத்தான்:
மன்னாரில அதானிக் கம்பனி போட இருந்த காத்தாலை விசயத்தையும் பாருங்கோ. வலசை வாற பறவையளுக்காக உயர் நீதிமன்றம் வரைக்கும் போனவை. 2025 பெப்ரவரியில கம்பனி விலகிட்டுது.

நொத்தாரிசு மேசை:
மின்சார விலைப் பேச்சும் அதுக்குள்ள இருந்தது, எல்லாத்தையும் பறவையின்ர தலையில கட்டாதேங்கோ. உறுதி எழுதிக்கொண்டு இதையும் செய்யட்டும் எண்டுதான் நான் சொல்லுறன்.

வடலி:
அதைச் சொல்லிப் பார்த்திட்டன், முகத்தைத் தூக்குறா. கோப்புக்காரன் தம்பி, அவ கலைப்பிரிவு. ரசாயனம் தெரியாது. எங்கயிருந்து தொடங்கிறது?

கோப்புக்காரன்:
தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தா வர்த்தமானியிலயும் தமிழ்ப் பேப்பரிலயும் அறிவித்தல் போடோணும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கு. அடுத்த அறிவித்தலைப் பிடிச்சு, தண்ணி பற்றின அத்தியாயத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கோ. விளங்காத அட்டவணையைத் தெரிஞ்ச ரசாயன ரீச்சர் ஒராளிட்டக் கொண்டுபோய்க் காட்டி, ரெண்டு பக்கத்தில ஆட்சேபம் எழுதி அனுப்பட்டும். சம்பளம் இல்லை அண்ணை, முதலே சொல்லிப்போட்டன்.