2001-இல் தொடங்கி இன்னும் பீட்டா: ஹைக்கு மாதிரி இயங்குதளங்களுக்குச் செலவாகும் உழைப்பு வீணா?

குறைகடத்தி:
பக்கத்துத் திரியில் ஒருவர் பழைய லேப்டாப்புக்கு என்ன போடலாம் என்று கேட்டிருந்தார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அவருடைய மெஷினில் டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்புச் சிப்) இல்லை, 11 முறைப்படி ஏறாது. நியாயமான கேள்வி. அதற்கு நம் பழையபெட்டி சார் "லினக்ஸ் எதற்கு, ஹைக்கு போட்டுப் பாருங்கள்" என்று பதில் போட்டதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. 90-களில் பி நிறுவனம் விற்ற பிஓஎஸ் இயங்குதளத்தைத் தன்னார்வலர்கள் திரும்ப எழுதுவதுதான் ஹைக்கு. 2001-இல் ஓபன்பிஓஎஸ் என்று ஆரம்பித்தது, 2004-இல் ஹைக்கு ஆனது, முதல் ஆல்ஃபா (ஆரம்பச் சோதனைப் பதிப்பு) 2009, முதல் பீட்டா (அடுத்த கட்டச் சோதனைப் பதிப்பு) 2018, ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பர். 1.0 இன்னும் வரவில்லை. இவ்வளவு திறமைசாலிகள் இத்தனை வருடம் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு வேலை முடிந்திருக்கும்? ஹைக்கு, விண்டோஸ் மாதிரியே செய்யப் பார்க்கும் ரியாக்ட்ஓஎஸ், புதிதாக எழுதப்படும் ரெடாக்ஸ் எல்லாமே எழுதுகிறவருக்குச் சந்தோஷம், பயன்படுத்துகிறவருக்கு ஒன்றுமில்லை என்பது என் கருத்து. யாராவது மறுப்பதானால் மறுக்கலாம்.

பழையபெட்டி:
மறுக்கிறேன். முதலில் அந்த "உழைப்பை லினக்ஸுக்குக் கொடுத்திருக்கலாம்" என்கிற வாதமே சரியில்லை. மாலை நேரத்தில் சம்பளமில்லாமல் கோடு (நிரல்) எழுதுகிறவரிடம் போய், நீ இதை எழுதாதே அதை எழுது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இதை மூடினால் அவர் லினக்ஸ் பக்கம் போகமாட்டார், வீட்டில் டிவி பார்ப்பார்.

அப்புறம், பிஓஎஸ் தொழில்நுட்பத்தில் தோற்றதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆப்பிளிலிருந்து வெளியே வந்த ழான்-லூயி கஸே தொடங்கிய பி நிறுவனத்தோடு 1996-இல் ஆப்பிளே பேரம் பேசியது. விலை படியவில்லை, அந்த டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்டை வாங்கிக்கொண்டார்கள். பிறகு இன்டெல் பிசிக்கு வந்து முட்டிப் பார்த்தார்கள். ஹிட்டாச்சி ஒரு மாடலில் விண்டோஸோடு பிஓஎஸ்ஸையும் ஏற்றியே விற்றது, ஆனால் பூட் ஆகும்போது தேர்ந்தெடுக்கிற மெனுவைக் காட்ட முடியாதபடி மைக்ரோசாஃப்ட் உரிம நிபந்தனை கையைக் கட்டிப்போட்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, வாங்கினவருக்குத் தெரியாது! 2001-இல் மொத்தச் சொத்தும் 1.1 கோடி டாலருக்கு பாம் நிறுவனத்திடம் போனது. பி போட்ட வழக்கை 2003-இல் மைக்ரோசாஃப்ட் 2.325 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல். ஆக, கடைக்குள் நுழையவே விடாத பண்டத்தை "யாரும் வாங்கவில்லை" என்று சொல்கிறோம்.

குறைகடத்தி:
சார், வரலாறு சுவாரசியம்தான். அந்த உரிம நிபந்தனை இன்றைக்கு யார் கையையும் கட்டவில்லையே, பென் டிரைவில் எவரும் ஏற்றலாம். ஏற்றிப் பார்த்தேன். லேப்டாப்பை மூடினால் தூங்காது, ஸ்லீப் வசதியே கிடையாது. வீடியோ எல்லாம் பிராசசர் தலையில், கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்துகிற 3டி முடுக்கம் வெளியான பீட்டாவில் இல்லை. ஒரே பயனர், அவரும் ரூட் அதிகாரத்தோடு, அதாவது எதையும் மாற்றக்கூடிய முழு அதிகாரத்தோடு. இது 2001-இல் சகித்துக்கொள்ளலாம்.

நூல்கண்டு:
இரண்டு பேரும் கெர்னலைச் சுற்றியே பேசுகிறீர்கள். நான் எம்பெடட் பக்கம் டிரைவர் (வன்பொருளை இயங்குதளத்தோடு பேச வைக்கிற நிரல்) எழுதிப் பிழைப்பவன், ஒரு விஷயம் சொல்கிறேன். இயங்குதளத்தின் மையம் எழுதுவது கடினம்தான், ஆனால் அது நல்ல பாடப்புத்தகம் இருக்கிற கடினம். ஷெட்யூலர், மெமரி, ஃபைல் சிஸ்டம் எல்லாம் நான்கைந்து கெட்டிக்காரர்கள் சில வருடத்தில் நிற்க வைத்துவிடுவார்கள். உயிரை எடுப்பது அடுத்தவன் செய்த வன்பொருள். வைஃபை சிப்புக்கு ஆவணம் கேட்டால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், போட்டால் நீங்கள் எழுதிய கோடைத் திறந்த மூலமாக வெளியிட முடியாது. கொடுத்தாலும் ஆவணத்தில் உள்ளது ஒன்று, சிப் நடந்துகொள்வது வேறொன்று. லேப்டாப்பை மூடினால் தூங்கவில்லை என்கிறீர்கள், அதற்கு ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தின் நிலையைச் சேமித்து, மின்சாரம் போய்த் திரும்பி வந்தபின் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுப்பத் தெரிந்திருக்க வேண்டும், இடையில் லேப்டாப் கம்பெனியின் ஏசிபிஐ அட்டவணை (மின்சாரத்தை எப்படிக் கையாள்வது என்று இயங்குதளத்துக்குச் சொல்வது), அதில் உள்ள பிழைகள், "விண்டோஸ்தானே நீ?" என்று கேட்டு அதற்கேற்ப நடக்கிற பயாஸ் என்ற தொடக்க மென்பொருள். ஒரே ஒரு டிரைவர் சொதப்பினால் மெஷின் எழுந்திருக்காது.

லினக்ஸ் டிரைவரை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். லினக்ஸ் கெர்னலுக்குள் நிலையான டிரைவர் இடைமுகமே கிடையாது, வேண்டுமென்றே வைக்கவில்லை, பதிப்புக்குப் பதிப்பு மாறும். மேலே உரிமச் சிக்கல்: லினக்ஸ் ஜிபிஎல், அதைக் கலந்தால் முழுதும் அதே உரிமத்தில் போக வேண்டும்; ஹைக்கு எம்ஐடி, அது தளர்வான உரிமம். அதனால்தான் ஹைக்கு நெட்வொர்க் டிரைவர்களை தளர்வான உரிமம் உள்ள ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி இயங்குதளங்களிலிருந்து ஒரு இணக்க அடுக்கு வழியாகக் கொண்டுவருகிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடு, ஆனால் பிஎஸ்டிக்கு எது வேலை செய்யுமோ அதுதான் நமக்கும். கிராஃபிக்ஸ் கார்டு தனிக் கதை. லினக்ஸில் ஏஎம்டி கார்டுக்கான டிரைவர் மட்டும் பல லட்சம் வரி, அதை எழுதுவது அந்தக் கம்பெனியே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்கள். ஹைக்குவில் முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் ஒருவர், அதுவும் நன்கொடையில், 2021-இலிருந்துதான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்வெட்டி:
அதனால்தான் ரியாக்ட்ஓஎஸ் வழிதான் சரி அண்ணே. டிரைவர் எழுதவே வேண்டாம், விண்டோஸுக்கு எழுதின டிரைவரையே எடுத்து ஓட்டு. ஆப்பும் அப்படியே. உலகத்தில் இருக்கிற மொத்த விண்டோஸ் சாஃப்ட்வேரும் நமக்கு இலவசம். இதைவிடப் பெரிய குறுக்குவழி உண்டா?

நூல்கண்டு:
தம்பி, குறுக்குவழியில் போனவர்கள் 1996-இலிருந்து நடந்துகொண்டிருக்கிறார்கள். முதலில் ஃப்ரீவின்95 என்று ஆரம்பித்துப் பேசிப் பேசியே நின்றுபோய், 1998-இல் விண்டோஸ் என்டி பக்கம் திரும்பி ரியாக்ட்ஓஎஸ் ஆனது. 0.4.0 வந்தது 2016-இல், 0.4.15 வந்தது 2025 மார்ச்சில், இன்னும் ஆல்ஃபாதான். இலக்கு விண்டோஸ் சர்வர் 2003. இன்றைக்கு விற்கிற கார்டுக்கு 2003-க்கு ஏற்ற டிரைவர் எந்தக் கம்பெனி கொடுக்கும்?

இன்னொரு தலைவலி, மைக்ரோசாஃப்ட் எழுதிவைத்ததைப் படித்துச் செய்தால் போதாது. எழுதாமல் விட்டதையும், தப்பாக எழுதிவைத்ததையும், பதினைந்து வருடம் முன்பு எவனோ ஒருவன் நம்பிப் பயன்படுத்திய பிழையையும் சேர்த்து அப்படியே செய்ய வேண்டும். விண்டோஸைப் பிரித்து (டிஸ்அசெம்பிள்) உள்ளே பார்த்தவர் கோடு எழுதக் கூடாது, அவர் குறிப்பு எழுதி வைக்க வேறொருவர் அதைப் படித்துச் செய்ய வேண்டும். 2006-இல் யாரோ இந்த விதியை மீறினதாகக் குற்றச்சாட்டு வந்து முழுக் கோடையும் தணிக்கை செய்ய உட்கார்ந்தார்கள். வேலை அப்படியே படுத்துவிட்டது. கசிந்த விண்டோஸ் மூலநிரலை எட்டிப் பார்த்தவருக்கும் அங்கே இடமில்லை. சட்டத்துக்காக இவ்வளவு கட்டுப்பாடு வைத்துக்கொண்டு ஓடுகிற குதிரையைத் துரத்துவது அசுர வேலை, மரியாதை உண்டு, ஆனால் குறுக்குவழி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மண்வெட்டி:
பழைய தொழிற்சாலை மெஷின்களுக்கு எக்ஸ்பி காலத்து கார்டு, எக்ஸ்பி காலத்து சாஃப்ட்வேர். அதை இன்றைக்கும் ஓட்ட யார் இருக்கிறார்கள்? அங்கே 2003 இலக்கு போதுமே.

நூல்கண்டு:
அது நல்ல இடம், ஒப்புக்கொள்கிறேன். லட்ச ரூபாய் லேத்தை ஆல்ஃபாவில் ஓட்டச் சொல்லி முதலாளியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், நான் வெளியே நிற்கிறேன் :-)

பழையபெட்டி:
சரி, எதற்கு இதெல்லாம் என்று குறைகடத்தி கேட்டதற்கு வருகிறேன். பயன்படுத்திப் பார்த்தேன் என்கிறார், மெயிலைத் திறந்து பார்த்தாரா? ஹைக்குவில் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். அனுப்பினவர், பொருள், தேதி எல்லாம் அந்த ஃபைலின் மேலேயே பண்புகளாக ஒட்டியிருக்கும். டிராக்கரில், அதாவது ஃபைல் மேலாளரில், ஃபோல்டரைத் திறந்தால் அவை பத்திகளாகத் தெரியும், தேதியை அழுத்தினால் வரிசைப்படும். "இன்னார் அனுப்பியது, இன்னும் படிக்காதது" என்று ஒரு தேடலைச் சேமித்து வைத்தால் அது ஃபோல்டர் மாதிரியே நிற்கும், புது மெயில் வந்த கணமே அதற்குள் தானாக முளைக்கும். மெயில் செயலி என்று பெரிதாக ஒன்று தேவையே இல்லை, ஃபைல் சிஸ்டமே அந்த வேலையைப் பார்க்கிறது. பிஓஎஸ்ஸில் இதை எழுதியவர்களில் முக்கியமானவர் டொமினிக் ஜியாம்பாலோ, பிறகு ஆப்பிளுக்குப் போனார், 2005-இல் மேக்கில் ஸ்பாட்லைட் வந்ததில் அவர் கை உண்டு. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் செயலிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுகிற பைண்டர் இருக்கிறதே, அதன் வேரும் பி நிறுவனத்தில்தான். பயன்படுத்துகிறவருக்கு ஒன்றுமில்லை என்றீர்கள், அதைத் தட்டிய விரலுக்குக் கீழேயே இருக்கிறது.

குறைகடத்தி:
நீங்கள் சொல்வது இரண்டும் பி நிறுவனத்தின் யோசனை, சம்பளம் வாங்கினவர்கள் அன்றைக்குச் செய்தது. அதையே திரும்பக் கட்டுவதில் புதிது என்ன? அதுவும் பழைய பிஓஎஸ் செயலிகள் ஓட வேண்டும் என்பதற்காக 32-பிட் பதிப்பில் ஜிசிசி 2.95 என்ற பழைய கம்பைலரை (மூலநிரலை ஓடுகிற வடிவுக்கு மாற்றும் கருவி) இன்றுவரை கட்டி இழுக்கிறார்கள். 64-பிட்டில் அந்தச் செயலிகள் ஓடாது. ஆக, அவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்றின இணக்கம், இன்றைக்குப் பெரும்பாலோர் போடுகிற பதிப்பில் இல்லவே இல்லை.

இதைவிடப் பெரிய கேள்வி, செயலிகள். ஹைக்குவின் அழகு என்று எல்லாரும் சொல்வது ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி த்ரெட் (தனியாக ஓடுகிற வேலை இழை). ஒன்று மாட்டிக்கொண்டாலும் மற்றது நகரும். அருமை. ஆனால் அதற்கு எழுதுகிறவருக்கு ஜன்னலுக்கு ஜன்னல் பூட்டுப் போட்டுத் திறக்கத் தெரிய வேண்டும், இரண்டு ஜன்னல் ஒன்றை ஒன்று பூட்டிக்கொண்டு காத்திருந்தால் முடிந்தது கதை. வெளியே இருக்கிற செயலி எல்லாம் ஒரே த்ரெட்டில் திரையைக் கையாள்கிற வழக்கத்தில் எழுதப்பட்டவை. அதனால் என்ன ஆகிறது? பல லினக்ஸ் செயலிகள் கட்டப்படுகிற க்யூடி வந்தது, லிப்ரே ஆஃபீஸ் வந்தது, லினக்ஸின் திரை அமைப்புகளான எக்ஸ்11-க்கும் வேலண்டுக்கும் இணக்க அடுக்கு வந்தது. இன்று ஹைக்குவில் உருப்படியாக வேலை பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் திறப்பது லினக்ஸ் செயலி. ஐபிஎம்மின் ஓஎஸ்/2-வுக்கு 1992-இல் நடந்தது இதுதான், விண்டோஸ் செயலிகளை அவ்வளவு நன்றாக ஓட்டியது, அதனாலேயே ஓஎஸ்/2-க்கென்று எழுத யாருக்கும் அவசியமில்லாமல் போனது.

சொந்தமாக எல்லாம் எழுதுவோம் என்று போன செரினிட்டிஓஎஸ்? 2018-இல் ஆரம்பித்து பிரவுசர் வரைக்கும் கையாலேயே எழுதினார்கள். 2024 ஜூனில் அந்த பிரவுசர், லேடிபர்ட், தனியாகப் பிரிந்து போனது, தொடங்கினவரும் அதோடு போய்விட்டார். லேடிபர்ட் இப்போது குறிவைப்பது லினக்ஸையும் மேக்கையும், செரினிட்டியை இல்லை. பிரவுசரை இரவல் வாங்கினால் பிறத்தியாருக்கு அடிமை, சொந்தமாக வளர்த்தால் அது தாயை விட்டுவிட்டுப் போகிறது.

அகரமுதலி:
இத்தனை பேர் பேசுகிறீர்கள், ஒருவராவது அதில் தமிழ் தட்டிப் பார்த்தீர்களா? நான் பார்த்த பீட்டாவில் ஒரு ஃபைலுக்கு "மேடை" என்று பெயர் வைத்தேன். மகரத்துக்கு முன்னால் வரவேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நிற்கிறது, டகரத்தின் இணைக்கொம்பும் அப்படியே. யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் உச்சரிக்கிற வரிசையில் சேமிக்கப்படும், கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது திரையில் வரைகிறவன் வேலை. ஒகர ஓகாரக் குறிகளை இரண்டாகப் பிளந்து எழுத்தின் இருபுறமும் வைக்க வேண்டும். ஹைக்குவின் சொந்தத் திரை சர்வர் வந்த எழுத்தை வந்த வரிசையில் வரைகிறது, அவ்வளவுதான். லிப்ரே ஆஃபீஸில் சரியாக வருகிறது, காரணம் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற ஹார்ஃப்பஸ் நூலகத்தை அது தன்னோடு கொண்டுவருகிறது. குறைகடத்தி குறை சொல்கிற அந்த இரவல் செயலியில்தான் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது.

பழையபெட்டி:
ஹார்ஃப்பஸ்ஸைச் சேர்த்தால் முடிந்தது. எம்ஐடி வகை உரிமம், தடை ஒன்றுமில்லை.

அகரமுதலி:
சேர்த்தால் முடியாது சார். அந்தச் சொந்த இடைமுகம் ஓர் எழுத்துக்கு ஓர் அகலம் என்று நம்பிக் கட்டியது. கர்சர் எங்கே நிற்கும், அம்புக்குறி அழுத்தினால் "கொ" முழுதாகத் தாண்டுமா பாதியில் நிற்குமா, பேக்ஸ்பேஸ் எதை அழிக்கும், வரி எங்கே மடியும், எல்லாவற்றையும் திருத்த வேண்டும், பழைய செயலிகள் உடையாமல். சின்ன இயங்குதளத்தில் இது பின்வரிசைக்குப் போவதில் ஆச்சரியமில்லை, எழுதுகிறவர்களில் இந்த எழுத்து தேவைப்படுகிறவர் இல்லை. அதற்காக அவர்களைத் திட்டமாட்டேன், ஆனால் "எல்லாருக்குமான டெஸ்க்டாப்" என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும்.

குறைகடத்தி:
இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன். பக்கத்துத் திரிக்காரருக்கு லினக்ஸ் மின்ட்டைப் போட்டுக் கொடுங்கள், தமிழ், வைஃபை, வீடியோ எல்லாம் வரும்.

பழையபெட்டி:
போடட்டும், நான் தடுக்கவில்லை. ஓரத்தில் பத்து ஜிபி காலியாக விடச் சொல்லுங்கள், நான் சொன்ன மெயில் ஃபோல்டரை ஒருநாள் திறந்து பார்க்கட்டும்.

மண்வெட்டி:
அண்ணே, இந்தச் சண்டையைப் படித்துவிட்டு நானே ஹைக்குவை ஏற்றிவிட்டேன் :-) வைஃபை வந்துவிட்டது, சத்தம் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் இல்லை. அந்த டிரைவரில் கை வைக்க வேண்டுமென்றால் எங்கே ஆரம்பிப்பது?

நூல்கண்டு:
கிராஃபிக்ஸ் பக்கம் போகாமல் இதைக் கேட்டீர்களே, அதுவே பெரிது. எச்டிஏ ஆடியோவில் ஒவ்வொரு லேப்டாப்காரனும் கோடெக் எனும் ஒலிச் சிப்பின் கால்களைத் தன் இஷ்டத்துக்கு இணைத்திருப்பான், ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரைத் தனியாக ஒரு கால் வழியே எழுப்ப வேண்டியிருக்கும். லினக்ஸில் அதே மெஷினுக்கு என்ன விதிவிலக்கு பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள், கோடை நகலெடுக்காதீர்கள், எந்தக் கால் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சிஸ்லாக்கில் (இயங்குதளத்தின் நிகழ்வுப் பதிவில்) எச்டிஏ என்று தொடங்கும் வரிகளையும் கோடெக் பெயரையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.