கூடலூர் வீடு (குடும்பக் குழு): ஞாயிறு காலை

கம்பம் சித்தப்பா, 7:12
(பலமுறை பகிரப்பட்டது)
காந்த ஜெனரேட்டர்! டீசல் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம்! ஒரு தடவை சுற்றிவிட்டால் ஆயுசுக்கும் மின்சாரம்!

கம்பம் சித்தப்பா, 7:14
அண்ணே, வீடியோவைக் கடைசி வரை பாருங்கள். மோட்டார், கரண்ட் எடுக்கிற ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. அந்தக் கரண்டிலேயே மோட்டார் ஓடுகிறது. மிச்சத்தில் பத்து பல்பு எரிகிறது. திராட்சைத் தோட்டத்துக்கு ஒன்று சொல்லலாம் என்று இருக்கிறேன். 45,000தான்.

குமுளி அத்தை, 7:20
தோட்டத்து மோட்டாருக்குத்தான் உங்கள் பக்கம் கரண்ட் இலவசமாயிற்றே தம்பி?

கம்பம் சித்தப்பா, 7:21
லைன் வந்தால்தானே அக்கா இலவசம். எழுதிக்கொடுத்து வருடக்கணக்காகிறது. அதுவரை டீசல் என்ஜின்தான்.

பெரியப்பா, 7:31
அட்வான்ஸ் ஏதும் கொடுத்துவிட்டாயா?

கம்பம் சித்தப்பா, 7:32
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமுளி அத்தை, 7:32
அழிப்பதற்குள் படித்துவிட்டேன். 5,000 கொடுத்திருக்கிறான்.

பெரியப்பா, 7:40
சரி, கொடுத்தது கொடுத்தாகிவிட்டது. இனி ஒரு பைசா கொடுக்காதே. அது ஓடாது.

கம்பம் சித்தப்பா, 7:43
காந்தமும் கம்பியும் வைத்துத்தானே கரண்ட் எடுக்கிறார்கள்? லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் இத்தனை வருடம் நீங்கள் வேறென்ன பார்த்தீர்கள்?

பெரியப்பா, 7:58
அதைத்தான் பார்த்தேன். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் கம்பியில் கரண்ட் ஓடும். காந்தம் நின்றால் கரண்டும் நின்றுவிடும். எவ்வளவு பெரிய காந்தத்தைச் சுருளுக்குள் சொருகி வைத்துவிட்டு நீ காவல் இருந்தாலும் ஒரு மின்மினி அளவு வெளிச்சம் வராது. அசைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதுதான் கேள்வி.

பாப்பா (சித்தப்பா மகள்), 8:02
இதைப் படித்திருக்கிறேன் பெரியப்பா. மைக்கேல் ஃபாரடே, 1831 அக்டோபர் 17. காந்தத்தைச் சுருளுக்குள் தள்ளினால் கரண்டைக் காட்டும் கருவியின் முள் ஒரு பக்கம் ஆடியது, வெளியே இழுத்தால் மறு பக்கம் ஆடியது. சும்மா வைத்திருந்தால் ஆடவே இல்லை.

பாப்பா, 8:03
ஆகஸ்ட் 29-லேயே இரும்பு வளையத்தில் கம்பி சுற்றி ஒரு சோதனை செய்துவிட்டார். எனாமல் பூசிய கம்பி கிடைக்காததால் சுற்றுகளுக்கு நடுவில் துணியும் நூலும் வைத்தாராம். எனக்கு அதுதான் பிடித்தது.

பெரியப்பா, 8:09
சபாஷ். அந்த முள் அங்கும் இங்கும் போய் வருகிறதே, அதுதான் ஏ.சி. கரண்ட், திசை மாறி மாறி ஓடுகிற மின்சாரம். நம் வீட்டுக்கு வருவது நொடிக்கு 50 தடவை அப்படிப் போய் வருகிறது.

நான், 8:11
பவர் ஹவுஸில் அவ்வளவு பெரிய காந்தம் எங்கிருந்து வாங்கினார்கள் பெரியப்பா?

பெரியப்பா, 8:24
வாங்கவில்லை. அது கடையில் விற்கிற காந்தம் இல்லை. இரும்புத் துருவங்களில் செம்பைச் சுற்றி, அதற்குள் கரண்ட் விட்டால் காந்தமாகிவிடும். சுழல்வது அதுதான், ரோட்டார். சுற்றிலும் அசையாமல் நிற்கிற சுருள் ஸ்டேட்டர். ஊருக்குப் போகிற கரண்ட் ஸ்டேட்டரிலிருந்து வருகிறது. துருவம் எத்தனை என்பதும் கணக்குதான். இரண்டே துருவம் என்றால் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வேண்டும். 12 துருவம் என்றால் 500 சுற்று போதும். இரண்டிலும் அதே 50 தான்.

பெரியப்பா, 8:25
சுற்றுகிற ஆள் தண்ணீர். குமுளியிலிருந்து இறங்கும்போது மலைச்சரிவில் பெரிய பெரிய குழாய்கள் தெரியுமே, அதில் வருகிற தேக்கடித் தண்ணீர்.

குமுளி அத்தை, 8:27
எங்கள் இடுக்கித் தண்ணீரும் மூலமட்டத்தில் மலைக்குள்ளேயே 6 எந்திரம் சுற்றுகிறது. 780 மெகாவாட். சும்மா சொல்லி வைத்தேன்.

நான், 8:28
அத்தை, அணைப் பேச்சு இந்தக் குழுவில் கிடையாது என்று பொங்கலன்றே முடிவு செய்தோம்.

குமுளி அத்தை, 8:30
அணையைப் பற்றி நான் எங்கே பேசினேன்? அப்பத்தா பக்கத்தில் இருக்கிறது. எழுதச் சொல்கிறது: “பவர் ஹவுஸ் வந்த புதிதில், கரண்டை உறிஞ்சிவிட்டுச் சக்கைத் தண்ணீரை விடுகிறான், நெல் எப்படி விளையும் என்று பேசிக்கொண்டார்கள்.”

பெரியப்பா, 8:36
அந்தத் தண்ணீரில்தானே இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கு விளைகிறது! தண்ணீரிடம் எடுத்தது அது மேலே இருந்து விழுந்த வேகத்தை மட்டும்தான். சொட்டு குறையாது.

கம்பம் சித்தப்பா, 8:41
அண்ணே, தண்ணீருக்குப் பதிலாக மோட்டார் சுற்றக்கூடாதா? ரோட்டார் பேரிங்கில் வழுவழுவென்று சுற்றுகிறது. ஒரு கை தள்ளினாலே போதுமே.

பெரியப்பா, 8:55
இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சும்மா சுற்றும்போது அது வழுவழுதான். கரண்ட் எடுக்க ஆரம்பித்த நிமிடமே கனக்கும். கம்பியில் ஓடுகிற கரண்டும் ஒரு காந்தம். அது ரோட்டாரைச் சுற்ற விடாமல் பிடித்து இழுக்கும். ஊரெல்லாம் மோட்டார் போட்டால் எங்கள் எந்திரம் முக்கும், 50-க்குக் கீழே இறங்கப் பார்க்கும். உடனே கவர்னர் என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் திறந்துவிடும். எவ்வளவு எடுக்கிறாயோ அவ்வளவு தள்ள வேண்டும்.

பெரியப்பா, 8:57
உன் வீடியோ மோட்டார் நல்ல மோட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 100 கொடுத்தால் 85 தரும். ஆல்டர்னேட்டரும் அதில் 85 சதவீதம் தரும். கையில் வருவது 72. அந்த மோட்டாருக்கு 100 வேண்டும். பல்புக்கு எங்கே போவாய்? மேஜைக்கு அடியில் ஒரு ஒயர் ஓடும், தேடிப் பார்.

கம்பம் சித்தப்பா, 8:59
கனக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்.

பெரியப்பா, 9:03
அப்பா சைக்கிள் உன் வீட்டில்தானே கிடக்கிறது? டைனமோ இருக்கிறதா? லோயர் கேம்ப் ஏற்றம் வந்தால் அப்பா குனிந்து டைனமோவைத் தூக்கிவிட்டு, இருட்டிலேயே மிதிப்பாரே.

பாப்பா, 9:05
அது டயரில் உரசுவதால் கனத்திருக்கும் பெரியப்பா. கரண்டினால் என்று எப்படிச் சொல்வது?

பெரியப்பா, 9:07
நல்ல கேள்வி. டைனமோ டயரில் படிந்தே இருக்கட்டும். பல்பை மட்டும் கழற்றிவிட்டுப் பெடலைக் கையால் சுற்று. அப்புறம் பல்பைப் போட்டுச் சுற்று. உரசல் இரண்டிலும் ஒன்றுதான்.

பாப்பா, 9:48
சைக்கிளைக் கவிழ்த்தாயிற்று. ஒயர் நுனி பச்சை பிடித்திருந்தது, பிளேடால் சுரண்டினேன். பல்பு இல்லாமல்: டைனமோ கர்ர் என்கிறது, பெடல் இலேசாகப் போகிறது.

பாப்பா, 9:51
பல்பு போட்டு: எரிகிறது பெரியப்பா! மஞ்சளாக, வேகம் கூடினால் வெளுப்பாக. பெடல் கனக்கிறது, நிஜமாகவே. கண்ணை மூடிக்கொண்டேன், அப்பா எனக்குத் தெரியாமல் பல்பைக் கழற்றினார். கையிலேயே தெரிந்துவிட்டது.

கம்பம் சித்தப்பா, 9:55
நானும் சுற்றினேன். கனக்கத்தான் செய்கிறது.

குமுளி அத்தை, 9:56
5,000?

கம்பம் சித்தப்பா, 10:20
விற்கிறவனைப் போனில் கூப்பிட்டேன். காந்தம் ஸ்டாக் வந்ததும் மெஷினே வந்துவிடும், பணம் திரும்பாது என்கிறான்.

பெரியப்பா, 10:22
மெஷினை லோயர் கேம்பில் என் வீட்டு வாசலில் இறக்கச் சொல். ஓட்டிக் காட்டினால் மிச்சம் 40,000-ஐ நானே தருகிறேன் என்று சொல்.

கம்பம் சித்தப்பா, 10:41
சொன்னேன். இப்போது போனையே எடுக்க மாட்டேன் என்கிறான்.

பாப்பா, 10:42
பெரியப்பா, டைனமோவில் எல்.இ.டி. போடலாமா?