மாட் த ஹூப்பிள் கிளாம் ராக்குக்குப் போனது சரியா?

ஊசிமுனை:
இந்த வாரம் பிரிட்டிஷ் ராக் குழுவான மாட் த ஹூப்பிளின் முதல் ஆல்பத்தையும் (1969), ‘ஆல் த யங் டூட்ஸ்’ ஆல்பத்தையும் (1972) அடுத்தடுத்துக் கேட்டேன். மனம் கனத்துவிட்டது. முதல் ஆல்பத்தின் அட்டையில் ஓவியர் எஷர் வரைந்த ஊர்வன, தாளிலிருந்து எழுந்து வந்து மறுபடியும் தாளுக்குள்ளேயே இறங்கும். உள்ளே பியானோவும் ஆர்கனும் தோளோடு தோள் உரசும். நடுவே பாப் டிலனை நினைவூட்டும், குழுவின் பாடகர் இயன் ஹன்டரின் கரகரத்த குரல். மூன்றே ஆண்டுகளில் அதே ஆட்கள் குதிகால் உயர்ந்த பூட்ஸும் மினுமினுக்கும் உடையுமாக, கிளாம் ராக் பாணியில் வந்து நின்றார்கள். பெயர் வாங்கித் தந்த ‘ஆல் த யங் டூட்ஸ்’ பாட்டு, பாடகர் டேவிட் போவி எழுதிக் கொடுத்தது. ஆல்பத்தின் தயாரிப்பாளரும் அவரே. வெற்றிக்காகச் சொந்த முகத்தை அடகு வைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

தாளக்கட்டு:
அடகு வைக்க அவர்களிடம் என்ன மிச்சம் இருந்தது ஐயா? நான்கு ஆல்பங்கள் போட்டும் விற்பனை இல்லை. மேடையில் மட்டும் அவர்கள் தீயாக இருந்தார்கள். 1971இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அவர்களுடைய கச்சேரியில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், அதன்பின் சில காலம் அங்கே ராக் கச்சேரிகளுக்கே இடமில்லாமல் போனது. ஆனால் மேடைப் புகழ் வயிற்றை நிரப்பவில்லை. 1972 மார்ச்சில் சூரிக்கில் குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

பேஸ் கிதார் வாசித்த ஓவரெண்ட் வாட்ஸ் வேலை தேடி போவிக்கு ஃபோன் செய்தார். குழு கலைந்த சேதி அப்படித்தான் போவிக்குத் தெரிந்தது. அவர் முதலில் கொடுக்க முன்வந்தது ‘சஃப்ரஜெட் சிட்டி’ என்ற தம் பாட்டை. அது வேண்டாம் என்றார்கள். கையில் காசில்லாத நேரத்தில், போவி கொடுத்த பாட்டையே மறுத்தவர்கள் இவர்கள். அவர்களைப் பார்த்து முகத்தை அடகு வைத்தார்கள் என்று சொல்வது எனக்கு வலிக்கிறது.

நள்ளிரவு வானொலி:
இருவரும் உடையைப் பற்றியே பேசுகிறீர்கள். ‘ஆல் த யங் டூட்ஸ்’ பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கோரஸ் சுற்றிச் சுற்றி வர, ஹன்டர் பாடுவதை விட்டுவிட்டுப் பேசத் தொடங்குவார். கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒருவனை முன்னே வா என்று வம்புக்கு இழுப்பார். அந்தப் பேச்சு ஹன்டர் தானாகச் சேர்த்தது. எனக்கு அந்த இடத்தில்தான் பாட்டு மாட் த ஹூப்பிளின் சொத்தாகிறது. பிரிட்டனில் அது மூன்றாம் இடம் வரை ஏறியதற்கு அந்தத் திமிரும் ஒரு காரணம் என்பேன்.

ஊசிமுனை:
அந்தக் கடைசி நிமிடத்தை நானும் நேசிக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்த விலையைப் பாருங்கள். 1973 ஜனவரியில் ஆர்கன் கலைஞர் வெர்டன் ஆலன் போய்விட்டார். அதே ஆண்டு கிதார் கலைஞர் மிக் ரால்ஃப்ஸும் விலகி, பேட் கம்பெனி என்ற ராக் குழுவைத் தொடங்கினார். இங்கே ஏற்கெனவே வந்த ‘ரெடி ஃபார் லவ்’ பாட்டை அங்கே மறுபடியும் பதிவு செய்தார். அவர் வாசிக்க விரும்பிய இசைக்கு இங்கே இடமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆர்கன் இல்லாத மாட் த ஹூப்பிளை என் காது இன்றுவரை ஏற்கவில்லை.

தாளக்கட்டு:
ஆலன் போனது, தம் பாடல்களுக்குக் குழுவில் போதிய இடம் கிடைக்கவில்லை என்பதால். அந்த மனத்தாங்கலைக் கிளாமின் கணக்கில் எழுதாதீர்கள். 1973இல் வந்த ‘மாட்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போவி இல்லை, தயாரிப்பு அவர்களுடையதே. பிரிட்டனில் ஏழாம் இடம். மினுமினுப்பு உடம்போடு நின்றுவிட்டது. பாடல்களில் இருப்பது ஊர் ஊராக அலையும் குழுவின் அலுப்பு. ‘ஆல் த வே ஃப்ரம் மெம்ஃபிஸ்’ பாட்டில் வருபவன், போகும் வழியில் கிதாரைத் தொலைத்த ஒருவன்!

நள்ளிரவு வானொலி:
இவர்கள் தாக்கம் அதோடு நிற்கவில்லை. பங்க் ராக் குழுவான கிளாஷின் மிக் ஜோன்ஸ் பையனாக இருந்தபோது இவர்கள் கச்சேரிகளைத் துரத்திக்கொண்டு போனவர். மாட் த ஹூப்பிளுக்குப் பெயர் வைத்த கை ஸ்டீவன்ஸ்தான் 1979இல் கிளாஷின் ‘லண்டன் காலிங்’ ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர்.

ஊசிமுனை:
நன்றி. கை ஸ்டீவன்ஸ் வளர்த்த அந்த முரட்டுக் குழுவைத்தான் நான் தேடுகிறேன். இன்னொன்று: அதே ‘மாட்’ ஆல்பத்தில் குழுவின் பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு. டிரம்ஸ் வாசித்த பஃபினுக்குக் கனவு போனது, மிக் ரால்ஃப்ஸுக்குக் கிதார் போனது, வெர்டனின் முகத்தில் கோடு விழுந்தது என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பாடுகிறார் ஹன்டர். இழந்தோம் என்று அவரே சொல்கிறார்.

தாளக்கட்டு:
சொல்கிறார். அந்தப் பாட்டின் தலைப்பில் உள்ள தேதியையும் படியுங்கள் ஐயா: 1972 மார்ச் 26, சூரிக். போவியின் பாட்டு அவர்கள் கைக்கு வருவதற்கு முந்தைய நாட்கள் அவை.