முதல் தியேட்டர் எது? சென்னையா, கோவையா?

நொய்யல்கரையான்:
"சினிமா கொட்டகை என்றால் தொடக்கம் சென்னை மவுண்ட் ரோடுதான், கொங்குக்காரர்கள் எழுதும் ஊர் வரலாற்றுப் புத்தகங்கள் எல்லாம் வெறும் ஊர்ப்பெருமை" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1905இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் டூபான்ட்டிடம் புரொஜக்டரையும் படச்சுருளையும் வாங்கி, வேலையையும் விட்டுவிட்டு ஊர் ஊராக டென்ட் அடித்துப் படம் காட்டினார். அப்புறம் 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தச் சாலைக்கே இன்றும் அந்தப் பெயர்தான். தென்னிந்தியாவின் முதல் தியேட்டர் அது. இதை எழுதினால் ஊர்ப்பெருமையா?

மவுண்ட்ரோடுவாசி:
எழுதியது நான்தான். ஒரே கேள்வி. 1913 முந்தியா, 1914 முந்தியா? வார்விக் மேஜர் மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டியது 1913. அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அந்தக் கட்டடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

நொய்யல்கரையான்:
1915இலேயே தபால் துறை வாங்கிக்கொண்ட கட்டடத்தைக் காட்டி முதல் தியேட்டர் என்கிறீர்களே! வெரைட்டி ஹால் டிலைட் என்று பெயர் மாறி எங்கள் காலம் வரை படம் ஓட்டியது. இன்னொன்று, எலெக்ட்ரிக் தியேட்டர் வெள்ளைக்காரர் கட்டியது. நம் ஆள் கட்டியதல்லவா கணக்கு?

மவுண்ட்ரோடுவாசி:
எத்தனை நாள் ஓடியது என்று யார் கேட்டார்கள்? முதல் எது என்பதுதான் பேச்சு. நம் ஆள்தான் வேண்டும் என்றால் தெலுங்கு சினிமா முன்னோடி ரகுபதி வெங்கையா இருக்கிறார். அவர் கெயிட்டி தியேட்டரைக் கட்டியதும் சென்னையில்தான், அதே 1914. சிறுவாணித் தண்ணீர் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான், தோற்கிற நேரத்தில் கேள்வியை மாற்றினீர்கள்.

பழையவாசகி:
இருவரும் தியேட்டர் என்று எதைச் சொல்கிறீர்கள்? டென்ட்டும் சேர்த்தியா, நிரந்தரக் கட்டடம் மட்டுமா? அதை முடிவு செய்யாமல் வருஷத்தை வைத்து என்ன பேசுவது?

நொய்யல்கரையான்:
அக்கா, அதெல்லாம் அப்புறம். சிறுவாணி விவாதத்தில் நான் எங்கே தோற்றேன்? அன்றைக்குப் பதில் சொல்லாமல் போனது அவர்தான்.

பனியன்ஊர்க்காரன்:
எனக்கு இந்தப் புத்தகங்கள் மீது வேறு கோபம். நொய்யல் ஆற்றை வெள்ளியங்கிரியில் பிறந்த காஞ்சிமாநதி, பேரூர்ப் படித்துறை, குளங்கள் என்று பாதிப் புத்தகம் கோவைக்குப் புகழாரம் பாடுவார்கள். ஆறு திருப்பூரைத் தொட்டதும் சாயக்கழிவு, நாசம் என்று வசவு. கோவைச் சாக்கடை அதே நொய்யலில் கலக்கிறதே, அதற்கு ஒரு அத்தியாயம் உண்டா?

நொய்யல்கரையான்:
தம்பி, சாக்கடை கலப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாயத்தை அதோடு சமமாக வைக்காதீர்கள். எங்கள் தோட்டம் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனம் பெருகும் என்று 1992இல் அணை வந்தது, சில வருஷத்திலேயே சாயத்தண்ணீர்த் தேக்கமாகிவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சொந்தத் தென்னையில் இறக்கிய இளநீர் உப்புக் கரித்தது, அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை வரப்பில் ஊற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை யார் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்? தாத்தா காலத்தில் கோடையில் இதே ஆற்றங்கரையில் டென்ட் கொட்டகை போடுவார்களாம். தரை டிக்கெட்காரர்கள் முன்னால் இருப்பவர் தலை மறைக்காதபடி மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். கொட்டகை இல்லாத நாளில் உடுக்கடித்து விடிய விடிய அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதைதான்), நோம்பி, அதாவது திருவிழா, என்றால் கும்மி. ஆறு கெட்ட பிறகு அந்தக் கரையில் எவன் உட்காருவான்? அதனால்தான் ஆற்றையும் கொட்டகையையும் ஒரே புத்தகத்தில் எழுத வேண்டும் என்கிறேன், அப்படி எழுதுவதைத்தான் இவர் ஊர்ப்பெருமை என்கிறார்.

பனியன்ஊர்க்காரன்:
மூடச் சொன்ன அன்று எங்கள் ஊரில் எத்தனை குடும்பம் வேலையில்லாமல் நின்றது என்று எந்தப் புத்தகமாவது எழுதியதா? உங்கள் கிணறு மட்டும்தான் வரலாறா?

நொய்யல்கரையான்:
வேலை போனால் வேறு வேலை தேடலாம், உப்பேறிய மண்ணுக்கு நான் எங்கே போவது?

பனியன்ஊர்க்காரன்:
தேடிப் பார்த்தவனிடம் வந்து இதைச் சொல்லுங்கள் அண்ணா.

மவுண்ட்ரோடுவாசி:
கிணறு கெட்டது வருத்தம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதனால் 1914 என்பது 1913 ஆகிவிடாது.

நொய்யல்கரையான்:
1905 என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன், கண்ணைத் திறந்து படியுங்கள். உங்கள் மேஜர் கட்டடம் கட்டுவதற்கு எட்டு வருஷம் முன்பே எங்கள் ஊர்க்காரர் படம் காட்டிவிட்டார்.

மவுண்ட்ரோடுவாசி:
காட்டியது திருச்சியில், அதுவும் டென்ட்டில். டென்ட் தியேட்டர் ஆகாது.

பழையவாசகி:
இதைத்தானே நான் அப்போதே கேட்டேன்?

நொய்யல்கரையான்:
ஆகாது என்று சொல்ல இவர் யார்? திரை இருந்தது, டிக்கெட் இருந்தது, ஜனம் இருந்தது. 1905. நாளைக்கும் வந்து இதையேதான் எழுதுவேன்.

மவுண்ட்ரோடுவாசி:
எழுதுங்கள். 1913.