ஹிட்ச், ரேக், பிள்ளைகளின் சைக்கிள்: உங்களுக்கு என்ன நடந்தது?

நோவி_வாசி
போன கோடையில் மிச்சிகனில் இருக்கும் மேக்கினா தீவுக்குப் போனது இன்னும் மனசை அரிக்கிறது. மினிவேன், அதன் பின்னால் ரேக்கின் தண்டைச் செருகும் இரண்டு இன்ச் சதுரக் குழாயான ஹிட்ச், நான்கு சைக்கிள் நிற்கும் பிளாட்பார்ம் ரேக். விடியற்காலையில் அவசர அவசரமாக மாட்டிக் கிளம்பினோம். ஐ-75 நெடுஞ்சாலையில் நூறு மைல்போலத் தாண்டியிருப்போம், வீட்டிலிருந்து அம்மா போன் செய்தார். ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"கராஜ் தரையில ஒரு கம்பி கெடக்குடா. முனை வளைஞ்சிருக்கு. வேணுமா, குப்பையில போட்ரவா?"

ஹிட்ச் பின்! ரேக்கின் தண்டு கழன்று வராமல் குழாயின் குறுக்கே மாட்டும் கம்பி. எழுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். மனைவி ஒன்றும் பேசவில்லை, இடுப்பு பெல்ட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் ரேக்கின் தண்டு ஒரு விரற்கடை வெளியே நகர்ந்திருந்தது. ஆட்டத்தை நிறுத்தத் திருகும் குமிழ் இருக்கிறதே, அதன் பிடியில் மட்டும் நான்கு சைக்கிளும் நின்றிருக்கின்றன. ஓரமாகவே ஊர்ந்து அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, உதிரிபாகக் கடையில் 5/8 இன்ச் பின் ஒன்று வாங்கி மாட்டினேன். தீவில் 1898இலிருந்தே கார் கிடையாது, கரையைச் சுற்றி எட்டு மைல் சாலை. பையன் முழுச் சுற்றும் ஓட்டினான். எனக்கு அந்தக் காலி ஓட்டைதான் கண்ணுக்குள் நின்றது.

எடிசன்_அம்மா
எங்களுடையது செடான். ஹிட்ச் எல்லாம் வீண் செலவு என்று சொல்லி, டிக்கியில் ஸ்ட்ராப் போட்டுக் கட்டும் ரேக்கை வாங்கி வந்தார் வீட்டுக்காரர். கேனால் கரையோர சைக்கிள் பாதைக்குப் போகிற வழியில் பின் சீட்டிலிருந்து மகள், "அம்மா, என் சைக்கிள் டான்ஸ் ஆடுது" என்றாள். சிரித்தோம். இறங்கிப் பார்த்தால் ஒரு ஸ்ட்ராப் தளர்ந்து, பெடல் ஆடி ஆடி டிக்கிக் கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது. தகரம் தெரிந்தது. சிரித்ததை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது.

கணக்கு_மாமா
நோவி சார், பின்னை மறந்தது உங்கள் தவறு, அதை ஹிட்ச் கதையாக எழுதி புதிதாக வாங்குகிறவர்களைப் பயமுறுத்தாதீர்கள். கிளம்பும் முன் ரேக்கைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

எடிசன் அம்மா, உங்கள் செடானுக்கும் மாட்ட ஹிட்ச் கிடைக்கும். பெரும்பாலான செடானுக்கு ஒன்னேகால் இன்ச், கிளாஸ் ஒன்று, அதாவது மிகக் குறைந்த பாரம் தாங்கும் வகை. அதன் நுனி தாங்கும் எடை 200 பவுண்டு. இப்போது கூட்டிப் பாருங்கள். பெரியவர்கள் சைக்கிள் இரண்டு, தலா 33. பிள்ளைகளுடையது இரண்டு, தலா 25. ஆக 116. நான்கு சைக்கிள் பிளாட்பார்ம் ரேக் மட்டும் 85 என்று வையுங்கள், 201 ஆகிவிட்டது. பிள்ளைகளின் சைக்கிள் சின்னதாக இருப்பதால் லேசு என்று நினைப்பார்கள். தூக்கிப் பாருங்கள், தெரியும். அதனால் செடானுக்கு இரண்டு சைக்கிள் ரேக்தான். ஒன்னேகாலை இரண்டாக்கும் அடாப்டர் விற்கிறான், வாங்காதீர்கள். ரேக்கை இன்னும் பின்னால் தள்ளும், பாரம் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். தொங்கவிடும் ரேக் என்றால், மேல் கம்பி இல்லாத சைக்கிளுக்குக் குறுக்கே மாட்ட ஒரு தண்டு தனியாக வாங்க வேண்டும். ரேக்கை மாட்டியபடியே டிக்கி திறக்குமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு சைக்கிளுக்கு எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் கேளுங்கள், 35 பவுண்டு ரேக்கில் 60 பவுண்டை ஏற்றக்கூடாது.

என் அனுபவமா? டயர் உருகியது. அப்புறம் எழுதுகிறேன்.

எடிசன்_அம்மா
மாமா, நான் ஹிட்ச் கேட்கவே இல்லை. பெயிண்ட் போனதைச் சொன்னேன். அதிருக்கட்டும், டயர் எப்படி உருகியது?

ஹூஸ்டன்_ராஜா
எதற்கு இந்தப் பாடு? போகிற இடத்தில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்காதா? ஒரு தடவை முழங்காலில் ரேக் இடித்ததோடு என்னுடையதை விற்றுவிட்டேன்.

நோவி_வாசி
ராஜா, ஆறு வயசுப் பிள்ளையிடம் சொந்த சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு வா என்று சொல்லிப் பாருங்கள்.

கணக்கு_மாமா
சரி, சொல்கிறேன். பேத்தியின் சைக்கிளைக் கடைசியில் வைத்தேன். அதன் பின்சக்கரம் சரியாகப் புகைக்குழாய்க்கு நேரே நின்றது, நான் கவனிக்கவில்லை. ரெஸ்ட் ஏரியாவில் இறங்கியதும் நெடி. சக்கரத்தில் ஓர் இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. விரல் வைத்தேன், அரிசிக் கூழ் மாதிரி அமுங்கியது. பேத்தி அழவில்லை. "தாத்தா, நீங்கதானே செக் பண்ணீங்க?" என்றாள்.

நோவி_வாசி
உலுக்கிப் பார்த்தீர்களா மாமா? :)

அந்தப் பழைய பின்னை அம்மா குப்பையில் போடவில்லை. ஊருக்குக் கிளம்பும் வரை பிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். பால் வாங்க வண்டி எடுத்தாலும், "கம்பி மாட்டியாச்சா?" என்று கேட்பார்.