மூலையில் நிற்கும் நான்கு பட்டன் செத்ததா, உயிரோடா? (கோ விளையாட்டு)

தையல்மேசை (களுவாஞ்சிகுடி)

வணக்கம். களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். கேள்வி ஒன்றுதான். ஆனால் அது எங்கள் வீட்டில் மூன்று நாளாக ஓடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மகள் தரம் 9. கோ என்று, கல் வைத்து நிலம் வளைக்கிற ஒரு விளையாட்டைப் போனில் கணினியோடு விளையாடிப் பழகியிருக்கிறாள். "ஆளோட விளையாடினாத்தான் அப்பா ருசி" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பலகைக்கு எங்கே போவது? துணி வெட்டுகிற மேசையில் சோக்கால் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் கீறினேன். காற்சட்டைக்குத் தைக்கிற கறுப்புப் பட்டன் அவளுக்கு, பள்ளிக்கூடச் சேட்டுக்குத் தைக்கிற வெள்ளைப் பட்டன் எனக்கு. டாம் விளையாடிய பழக்கத்தில் கட்டத்துக்குள்ளே பட்டனை வைத்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கோடும் கோடும் வெட்டுகிற புள்ளியில்தானாம் வைக்க வேண்டும். ஒன்பது கோடு என்றால் எட்டுக் கட்டம். நான் கீறியதில் பத்துக் கோடு. அளவெடுக்கிறதே தொழிலாக இருக்கிற ஆளுக்கு இந்தப் பிழை வரலாமா என்று கேட்டாள். வரும்.

மறுகா, சோக் கைபட்டு அழிகிறது என்று கன்வஸ் துண்டொன்றில் கறுப்பு நூலால் மெஷினிலேயே ஒன்பதும் ஒன்பதும் தைத்தேன். ஒரு அங்குல இடைவெளி. பலகை நல்ல வடிவாக வந்தது.

சரி, வழக்குக்கு வருகிறேன். இடது கீழ் மூலை. மகளின் கறுப்புப் பட்டன் நான்கு: கீழிருந்து இரண்டாவது கோட்டில், ஓரத்திலிருந்து வரிசையாக மூன்று. மூன்றாவதுக்கு நேர் கீழே, அடிக்கோட்டில் ஒன்று. எல் ஸ்கேலைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அதற்குள்ளே மூலைப் புள்ளியும் பக்கத்துப் புள்ளியும் காலி. வெளியே என் வெள்ளை இடைவெளியில்லாமல் இறுக்கி நிற்கிறது. மற்ற இடமெல்லாம் முடிந்து, இனி வைக்க ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் பாஸ் சொல்லிவிட்டோம்.

பக்கத்தில் ஒரு காலிப் புள்ளியும் இல்லாமல் அடைத்தால் பட்டன் பிடிபடும். நான் சொல்வது: அந்த நான்கும் தப்ப வழியில்லாமல் செத்தது, எடுக்கிறேன். அவள் சொல்வது: "நீங்க பிடிக்கவே இல்லியே. பிடிச்சிட்டு எடுங்க." பிடிப்பதற்கு உள்ளே இறங்கினால் என் நிலத்தை நானே நிரப்புகிறேன், புள்ளி குறையும். அதோடு நான் ஒன்றை வைத்தால் அவள் அதைப் பிடித்துவிடுவாளே என்ற பயமும் இருக்கிறது. இரண்டு கண், அதாவது உள்ளே தனித்தனியாக இரண்டு காலி இடம், இருந்தால்தான் உயிர் என்று அவளே எனக்குச் சொல்லித் தந்தவள். அதை எடுத்துச் சொன்னால், "பட்டன் ஒவ்வொண்டிலயும் நாலு கண் இருக்குதானே" என்கிறாள்.

செத்தது என்றால் நான் 5 புள்ளியால் வெற்றி. உயிர் என்றால் 7 புள்ளியால் தோல்வி. கன்வஸை ஒரு பலகைத் துண்டோடு தூக்கி, பட்டன் அசையாமல், பூனை ஏறாத இடமாகப் பார்த்து அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். விளையாட்டு எங்கே முடிகிறது, யார் தீர்ப்பது? இன்னொன்று, 19 கோட்டுப் பலகை தைக்கலாமா, அவசரப்படக் கூடாதா?

கரம்ராசா (மட்டக்களப்பு)

கரம் போட் ஒன்று வாங்குங்கள் அண்ணன். விழுந்தது விழுந்ததுதான். செத்ததா உயிரா என்று வழக்குப் பேச வேண்டியதில்லை.

கணக்குடீச்சர் (கல்முனை)

ரெட் விழுந்து கவர் விழவில்லை என்று நடக்கிற சண்டையைக் கரம்ராசா கண்டதில்லை போல.

தையல்மேசை, உங்கள் மூலையை நான் கொப்பியில் கீறிப் பார்த்தேன். செத்தது. சந்தேகமே வேண்டாம். உள்ளே இரண்டு காலிப் புள்ளி இருந்தாலும் அவை ஒட்டி நிற்பதால் ஒரே கண்தான். நீங்கள் மூலையில் ஒரு வெள்ளையை வைத்தால் மகள் பக்கத்துப் புள்ளியில் வைத்து அதைப் பிடிப்பா. பிடிக்கட்டும். பிடித்த பிறகு அவவின் ஐந்து பட்டனுக்கும் சேர்த்து மிஞ்சுவது அந்த மூலைப் புள்ளி ஒன்றுதான். நீங்கள் திரும்பவும் அதே இடத்தில் வையுங்கள். ஐந்தும் மேசையை விட்டு வெளியே. அவ ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் நீங்கள் இரண்டு புள்ளியையும் நிரப்பினால் நான்கும் போகும்.

இப்போது கணக்கு. ஜப்பானிய முறையில் பிடித்த கல்லும் சூழ்ந்த வெற்று நிலமும் புள்ளி. பிடிக்கப் போகாமல் அப்படியே எடுத்தால் நான்கு கல்லுக்கு 4, அந்த மூலையில் வெறுமையாகும் ஆறு புள்ளிக்கு 6, மொத்தம் 10. மகள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் உள்ளே இறங்கிப் பிடித்தால் கல்லுக்கு 4, நிலத்தில் உங்கள் பட்டனே இரண்டு இடத்தை அடைத்திருப்பதால் 4, மொத்தம் 8. உங்கள் பயம் சரிதான், இரண்டு புள்ளி நட்டம். அதனால்தான் அந்த முறையில் செத்த கல்லைப் பிடிக்கப் போவதில்லை. இரண்டு பேரும் பாஸ் சொன்ன பிறகு, பேசி, எடுத்துவிடுவார்கள்.

சீன முறையில் உங்கள் கல் நிற்கிற இடமும் உங்கள் நிலம்தான், பிடித்த கல்லுக்குத் தனிப் புள்ளி கிடையாது. அப்படி எண்ணினால் அந்த மூலை உங்களுக்கு 6. உள்ளே இறங்கினாலும் 6, இறங்காவிட்டாலும் 6. ஆகவே புதிதாகப் பழகுகிறவர்கள் சீன முறையில் எண்ணினால் "பிடித்துக் காட்டு" என்ற சண்டையே வராது. பிடித்துக் காட்டிவிடலாம், செலவில்லை.

ஜப்பானிய முறையையே வைத்துக்கொள்ள ஆசை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, அமெரிக்க கோ சங்கத்து விதியில் உள்ளது. பாஸ் சொல்கிறவர் எதிராளிக்கு ஒரு கல் கொடுக்க வேண்டும். மகள் இரண்டு தரம் பாஸ் சொன்னால் இரண்டு பட்டன் உங்கள் கையில். 8-ம் 2-ம் 10. எப்படிப் போனாலும் அதே பத்து. கணக்கு எவ்வளவு அழகாக ஒட்டுகிறது பாருங்கள்! என் வகுப்பில் இதை ஒருநாள் கரும்பலகையில் போட வேண்டும்.

ஓஜிஎஸ் என்ற இணையத் தளத்தில் இலவசமாக விளையாடலாம். இரண்டு பேரும் பாஸ் சொன்னதும் செத்த கல்லைக் குறித்துக் காட்டும், இரண்டு பேரும் சம்மதித்தால்தான் முடிவு. நாலைந்து ஆட்டம் அதில் விளையாடினால் கண் பழகிவிடும்.

வட்டைக்காரன் (அக்கரைப்பற்று)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டீச்சர் கணக்கை முடித்துவிட்டார். எனக்கு வேறு கதை இருக்கிறது.

நான் கொரியாவில் அன்சான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவன். அங்கே இதற்குப் பெயர் படுக். லீவு நாளில் பூங்காவில் கிழவர்கள் உட்கார்ந்து விளையாடுவார்கள், பத்துப் பேர் சுற்றி நின்று வாயாலேயே விளையாடுவார்கள். பாஷை தெரியாமல் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். எனக்கு அது விளங்கியது எங்கள் வட்டையால், வயலால்தான். வரம்பு கட்டினவனுக்குத்தான் காணி. வாய்க்கால் ஒன்றுதான் என்றால் மேலே இருக்கிறவன் அதை அடைத்தான், உங்கள் வேளாண்மை போச்சு. இரண்டு வாய்க்கால் தனித்தனியே வந்தால் ஒரே நேரத்தில் இரண்டையும் அடைக்க அவனுக்குக் கை இல்லை. இரண்டு கண் என்பது இதுதான். கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற காலிப் புள்ளியைச் சீனர்கள் 'ச்சி' என்பார்கள், மூச்சு என்று அர்த்தம். தங்கச்சிப் பிள்ளையின் நான்கு பட்டனுக்கும் மூச்சு முட்டிவிட்டது. வயல் வழக்குத் தீர்க்கிற வட்டைவிதானையைக் கூப்பிட்டாலும் இதைத்தான் சொல்வார்.

அந்தக் கிழவர்கள் செத்த கல்லுக்குச் சண்டை பிடித்து நான் கண்டதில்லை. ஆளையாள் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், பொறுக்கி எடுப்பார்கள். பிடித்த கல்லை எதிராளியின் நிலத்திலேயே போட்டு நிரப்பி, மிச்ச நிலத்தைச் சதுரம் சதுரமாக ஒதுக்கி எண்ணுவார்கள். சண்டையெல்லாம் வேறு விஷயத்துக்கு, வைத்த கல்லைத் திரும்பத் தூக்கியதற்கு.

2016 மார்ச்சில் நான் அங்கேதான். அவர்களின் பெரிய படுக் வீரர் லீ செடோல் சோல் நகரில் அல்ஃபாகோ என்ற கணினியோடு ஐந்து ஆட்டம் விளையாடினார். முதல் மூன்றும் தோல்வி. கன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு டிவியைப் பார்த்துக்கொண்டு நின்ற கொரியர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் விடுதியில். 78-வது கல்லை நட்டநடுவில் கொண்டுபோய் ஆப்பு அடித்த மாதிரிச் செருகினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பக்கத்து அறையில் கத்தின கத்தில் விளங்கிவிட்டது. கடைசியில் 4-1, அந்த ஒன்று அன்றைக்குக் கிடைத்ததுதான்.

தையல்மேசை அண்ணன், நீங்கள் நடுவில் தொடங்குகிற ஆள் என்று நினைக்கிறேன், டாம் விளையாடினவர்கள் எல்லாரும் அப்படித்தான். ஒன்பது புள்ளி நிலத்தைச் சதுரமாக வளைக்க மூலையில் ஆறு கல் போதும். ஓரத்தில் ஒன்பது வேண்டும். நடுவில் பன்னிரண்டு. மூலை வயலுக்கு இரண்டு பக்கம் வரம்பு ஏற்கெனவே இருக்கிறதே. 19 கோடு இப்போது வேண்டாம், 361 புள்ளி, தலை சுற்றும். 13 கோடு தையுங்கள்.

இன்னொன்று. கறுப்பு முதலில் வைப்பதால் வெள்ளைக்கு ஈடு உண்டு, கோமி என்பார்கள். பெரிய பலகையில் கொரியாவிலும் ஜப்பானிலும் ஆறரை, சீனாவில் ஏழரை. அரை எதற்கென்றால் சமநிலை வராமல் இருக்க. வெள்ளைக்காரர் நீங்கள் அதைக் கேட்டு வாங்கவில்லையா?

தையல்மேசை (களுவாஞ்சிகுடி)

டீச்சருக்கும் நானாவுக்கும் நன்றி. நடுவில் தொடங்குகிறவன் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. உண்மைதான்.

இரவு அலுமாரிக்கு மேலேயிருந்து பலகையை இறக்கினோம். மகள் டீச்சர் சொன்னதை ஒரு தரம் வாசித்தாள், பிறகு விரலால் மூலையைத் தொட்டுத் தொட்டு வாய்க்குள்ளே எண்ணினாள். "சரி, பாஸ் பட்டன் முறையில விளையாடுவம்" என்றாள். நான் மூலையில் வைத்தேன். பாஸ், ஒரு பட்டன் தந்தாள். பக்கத்தில் வைத்தேன், நான்கையும் எடுத்தேன். பாஸ், இன்னொரு பட்டன். எண்ணினோம், பத்து. ஐந்தால் வெற்றி. அவளோடு விளையாடி நான் வென்ற முதல் ஆட்டம், மூன்று நாள் பிந்தி.

கோமியைப் பற்றி நானா எழுதியதை வாசிக்காமல் விடுவாளா? உடனே ஒரு கணக்குப் போட்டாள். நான்கும் உயிரோடு இருந்திருந்தால் நான் ஏழால் தோல்வி, கோமி ஆறரை வாங்கினாலும் அரைப் புள்ளியால் அவள்தான். அதனால் எங்கள் வீட்டில் இனி ஆறரைதானாம், சீனாக்காரரின் ஏழரை கிடையாதாம். உயிரோடு இல்லாத பட்டனுக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்டேன். அடுத்த ஆட்டத்தில் இருக்கும் என்கிறாள். கோமியும் வேண்டாம், எனக்கு இரண்டு கல் முன்கூட்டியே தந்து கறுப்பை எடுக்கச் சொல்கிறாள். கௌரவத்துக்கு மறுத்துப் பார்த்தேன், பிறகு எடுத்துக்கொண்டேன்.

13 கோடு தைக்கத் தொடங்கிவிட்டேன். கறுப்பில் ஒன்று குறைகிறது. காற்சட்டை ஒன்றை முடித்துக் கொடுப்பதற்கு அவசரமாகப் பட்டன் தேடினபோது, செத்த நான்கில் ஒன்றைத்தான் எடுத்துத் தைத்தேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

கரம்ராசா (மட்டக்களப்பு)

அண்ணன், பட்டன் பலகையை வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் கொண்டுவருவீர்களா? சும்மா பார்க்கத்தான்.